பால் ஆகாத பிள்ளையும் பலூன் பட்டறையும்

அருள்செல்வியைப் பயந்தவள் என்று அந்தத் தோட்டத்தில் யாரும் சொன்னதில்லை. கல்யாணத்துக்கு முன்பே ரப்பர் பால் வெட்டப் போனவள். அட்டை ஏறும் சரிவுகளில், பால் நிறைந்த வாளியைச் சிந்தாமல் தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக இறங்குவாள். கங்காணி சத்தம் போட்டால் அவளும் திருப்பிச் சத்தம் போடுவாள். அவளுக்குப் பயம் என்ற ஒன்று வந்தது, மகள் அனோஜா பிறந்து ஏழாம் மாதத்தில்.

அப்போதெல்லாம் அவள் விடிகாலையில் பிள்ளையைப் பிள்ளைமடுவத்தில் விட்டுவிட்டு மலைக்குப் போவாள். வேலைக்குப் போகும் தாய்மாரின் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளத் தோட்டம் வைத்திருந்த இடம் அது. வெள்ளையம்மா என்ற நடுவயதுக்காரி அங்கே ஆயா. ஒரு நாள் பால் நிறுக்கும் இடத்தில் தாமதமாகிவிட்டது. பிள்ளை பசியில் வீறிட்டது. வெள்ளையம்மா இரக்கப்பட்டு, பால்மாவைக் கொஞ்சம் வெந்நீரில் கரைத்துக் கரண்டியால் புகட்டினாள். அருள்செல்வி வந்து சேர்ந்தபோது பிள்ளையின் உதடும் கண்ணிமைகளும் வீங்கி, உடம்பெல்லாம் திட்டுத் திட்டாகச் சிவந்து கிடந்தது. மூச்சு விசில் மாதிரி வந்தது.

தோட்டத்து வேனில் கரவனெல்ல ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஊசி போட்டதும் பிள்ளை தெளிந்தது. டாக்டர் ஒரு சிங்களப் பெண். பொறுமையானவர். "கிரி எபா" என்று இரண்டு தரம் அழுத்திச் சொன்னார். பால் கொடுக்கக் கூடாது.

அருள்செல்விக்குச் சிங்களம் நன்றாகவே தெரியும். தெரிந்ததால்தான் குழப்பம் வந்தது. தமிழைப் போலவே சிங்களத்திலும் எல்லாம் பால்தான். தாய்ப்பால், பசும்பால், தேங்காய்ப்பால், ரப்பர் பால், எல்லாமே கிரி.

"மொன கிரித நோனா?" என்று கேட்டாள். எந்தப் பால்?

"எளகிரி. மாட்டுப்பால், அதில் செய்த மா, பட்டர், சீஸ், எதுவுமே வேண்டாம். உங்கள் பால் கொடுங்கள். தேங்காய்ப்பால் பரவாயில்லை. ரப்பர் பாலை அவள் குடிக்கப் போவதில்லையே!" டாக்டர் சிரித்தார். அருள்செல்விக்குச் சிரிப்பு வரவில்லை. "ஒரு துளி கூடவா நோனா?" என்று கேட்டாள். "ஒரு துளி கூட" என்றார் டாக்டர்.

அந்தத் துளியைத் தேடுவதே அதற்குப் பிறகு அவள் வாழ்க்கையாகிவிட்டது. பிஸ்கட்டில் பால், பணிஸில் பால், டொபியில் பால். கோயில் திருநாளுக்குக் கேக் கொடுத்தால் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுவாள். அடுத்த வீட்டில் பால்தேத்தண்ணி ஊற்றிய கோப்பையில் தண்ணீர் கொடுத்தார்கள் என்று சண்டை போட்டிருக்கிறாள். பிள்ளை தும்மினால் ஓடிப்போய் உதட்டைப் பார்ப்பாள். புருஷன் ஜூட் சாதுவான மனிதன். "நீ பார்க்கிற பார்வையிலேயே புள்ளைக்குக் காய்ச்சல் வந்துரும் போல" என்பான். அவள் காதில் வாங்கமாட்டாள்.

2001இல் மழை விடாமல் பெய்தது. ரப்பர் மலையில் மழை என்றால் வெட்டு இல்லை, வெட்டு இல்லை என்றால் பேர் இல்லை, அன்றைய கூலியும் இல்லை. அந்த நேரத்தில்தான் கபூர் முதலாளி கரவனெல்லப் பக்கத்தில், பழைய ரப்பர் ஸ்டோர் ஒன்றை வாடகைக்கு எடுத்துப் பலூன் பட்டறை தொடங்கினார். முன்பு கடைகளுக்குச் சாமான் போட்டுக்கொண்டிருந்தவர். பெரிய முதலாளி இல்லை. தானே வேன் ஓட்டுவார், தானே மூட்டை தூக்குவார். அருள்செல்வியின் கை சுத்தத்தைப் பார்த்து அவளைக் கலவை அறையில் போட்டார்.

பலூன் என்றால் ரப்பர் பாலில் அச்சை முக்கி எடுத்துக் காயவைத்தால் போதும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அதற்கு முன்னால் ஒரு பெரிய வேலை இருந்தது. ரப்பர் பாலோடு கந்தகம், துத்தநாகத் தூள், சாயத் தூள் எல்லாம் சேர வேண்டும். ஆனால் வெறும் தூளைத் தண்ணீரில் கலக்கினால் மணல் மாதிரி அடியில் போய் உட்கார்ந்துவிடும். அதை அப்படியே பாலில் ஊற்றினால் முழுத் தொட்டியும் கட்டி கட்டியாகத் திரிந்துவிடும். அதற்காக இன்னொரு வெள்ளைத் தூள் இருந்தது. அதை வெந்நீரில் ஊறப்போட்டு, அமோனியா விட்டுக் கரைத்தால் கூழ் மாதிரி வரும். அந்தக் கூழையும் மற்றத் தூள்களையும் பீங்கான் குண்டுகள் போட்ட ட்ரம்மில் ஊற்றிப் பகல் முழுக்க உருட்டினால், தூள் எல்லாம் பாலாடை பதத்துக்கு வந்துவிடும். மறுநாள் பார்த்தாலும் அடியில் இறங்காது.

"அது ஏன் மொதலாளி இறங்க மாட்டேங்குது?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"இந்தக் கூழ் ஒவ்வொரு தூள் மேலயும் போய்ச் சுத்தி ஒட்டிக்கிது தங்கச்சி. சட்டை போட்ட மாதிரி. பொறகு தூளும் தூளும் ஒண்டோட ஒண்டு ஒட்டாது. பாலையும் திரிய விடாது. எனக்குக் கொழும்புல ஒரு கெமிஸ்ட் சொல்லித் தந்தாரு."

மூட்டையில் ஆங்கிலத்தில் ஏதோ எழுதியிருந்தது. முதலாளி அதைக் கேசின் என்பார். வேலை செய்கிற பெண்கள் பசைத்தூள் என்றார்கள். அருள்செல்வியும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டாள். மூட்டையைக் கொட்டும்போது மா மாதிரிப் பறந்து தலைமுடியிலும் சட்டையிலும் படியும். சாயந்தரம் தட்டிவிட்டுக்கொண்டு பஸ் ஏறுவாள். வீட்டுக்குள் நுழையும்போதே அனோஜா ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொள்ளும். அப்போது அதற்கு நான்கு வயது.

வேலைக்குப் போன கொஞ்ச நாளிலேயே பிள்ளைக்குச் சொறி வந்தது. முழங்கை மடிப்பில், கழுத்தில், கன்னத்தில். சாயந்தரம் ஆனால் இருமல். ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்சம் குறையும், திங்கள் திரும்பவும் தொடங்கும். அருள்செல்வி வீட்டில் இருந்த எல்லாவற்றையும் சந்தேகப்பட்டாள். சவர்க்காரத்தை மாற்றினாள். கடைக்காரனிடம் பிஸ்கட் பக்கெட்டைத் திருப்பித் திருப்பி வாசிக்கச் சொன்னாள். மாசிக் கருவாட்டை நிறுத்தினாள். ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் சந்தேகம் வெள்ளையம்மாவிடம் போய் நின்றது. ஒரு தடவை கொடுத்தவள்தானே.

பிள்ளைமடுவத்து வாசலில், மற்றத் தாய்மார் எல்லாம் நிற்கும்போதே கேட்டாள். "அக்கா, மறைக்காம சொல்லுங்க. புள்ளைக்கு மறுபடியும் பால் ஏதும் குடுக்குறீங்களா?"

வெள்ளையம்மாவுக்கு முகம் செத்துப்போயிற்று. "தெரியாம ஒரு நாள் குடுத்தேன் செல்வி. அதுக்குப் பெறகு ஒம் புள்ளைக்குக் குடுக்குற கோப்பையக்கூட தனியா கழுவித் தனியா வச்சிருக்கேன். எம் புள்ளைகள் மேல சத்தியமா."

"அப்ப புள்ளைக்கு ஏன் இப்பிடி வருது? காத்துலயா வருது?"

வெள்ளையம்மா உள்ளே போய் அந்தத் தனிக் கோப்பையை எடுத்து வந்து அருள்செல்வியின் கையில் கொடுத்துவிட்டாள். மறுநாளிலிருந்து அருள்செல்வி பிள்ளையைப் பிள்ளைமடுவத்துக்கு அனுப்பவில்லை. முதலாளியிடம் கேட்டுத் தன்னோடு பட்டறைக்கே கூட்டிப் போனாள். தன் கண் முன்னால் இருந்தால் யாரும் எதையும் கொடுக்க முடியாது என்று நினைத்தாள்.

பட்டறையில் பிள்ளைக்கு இருமல் கூடிற்று. அருள்செல்விக்குச் சோறு இறங்கவில்லை. கலவை அறைக்கும், பலூன்களை எண்ணிக் கட்டும் விறாந்தைக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். பிள்ளை விறாந்தையில் சாக்கின் மேல் உட்கார்ந்து, கழித்துப்போட்ட பலூன்களை நிறம் நிறமாகப் பிரித்து விளையாடும். வாயில் வைக்கக் கூடாது என்று சொல்லித்தான் வைத்திருந்தாள். நத்தார் பண்டிகைக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, ஒரு சிவப்புப் பலூனைப் பிள்ளை ஊதிப் பார்த்துவிட்டது.

கட்டுகிற பெண்ணொருத்தி கத்தினாள். அருள்செல்வி ஓடிவந்தபோது பலூன் பிள்ளையின் கையில் இருந்தது. உதடு இரண்டும் தடித்து வெளியே தள்ளியிருந்தது. பிள்ளை தொண்டையைப் பிடித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தது. அழவும் முடியவில்லை அதற்கு.

கபூர் கையில் இருந்த கணக்கை அப்படியே போட்டுவிட்டு வேனை எடுத்தார். வழியெல்லாம் ஹோர்னில் இருந்து கையை எடுக்கவில்லை. சந்தியில் லொறி ஒன்று குறுக்கே நின்றது. கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டிச் சிங்களத்தில் கத்தினார். பின்னால் அருள்செல்வி பிள்ளையின் நெஞ்சில் காதை வைத்துக்கொண்டு, "மாதாவே, மாதாவே" என்று அதை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். நெஞ்சுக்குள் விசில் சத்தம் மெல்லிசாகிக்கொண்டே போயிற்று. அது குணமாகி மெல்லிசாகிறதா, மூச்சு அடங்கி மெல்லிசாகிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

தாமதமாகவில்லை. ஊசி ஏறியது, ஒக்சிஜன் வைத்தார்கள். பிள்ளை அம்மாவின் விரலைப் பிடித்தபடி தூங்கிப்போனது. இந்தத் தடவை வார்டில் இருந்தவர் ஓர் இளம் டாக்டர், தமிழ் கொஞ்சம் பேசுவார். நடந்ததைக் கேட்டார். "பாலுக்கு அலர்ஜி இருக்குன்னு கார்டுல இருக்கு. ஆனா இது பலூன். ரப்பருக்கும் அலர்ஜி வர்றதுண்டு. வீட்ல ரப்பர் பழக்கம் இருக்கா?"

"அவங்க அப்பா பால் வெட்டுறவருங்க. நாங்க இருக்கிறதே ரப்பர் தோட்டத்து லயம்."

டாக்டர் யோசித்தார். "ரப்பரா இருந்தா அதுல இருந்து தள்ளித்தான் வைக்கணும். பார்ப்போம், அவசரப்பட்டு முடிவு பண்ண வேணாம்."

அவர் போய்விட்டார். அருள்செல்வி கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரப்பரைவிட்டுத் தள்ளி என்றால் எங்கே? ஜூட்டின் கையில் ரப்பர், சட்டையில் ரப்பர், கதவைத் திறந்தால் மரம். ஜூட் வேலையை விட்டால் தோட்டம் கொடுத்த லயத்துக் காம்பராவையும் விட வேண்டும். தெரணியகலைப் பக்கம் அண்ணன் வீடு இருக்கிறது, அங்கேயும் சுற்றிலும் ரப்பர்தான். கொழும்பில் வீட்டு வேலைக்குப் போகலாம், பிள்ளையோடு யார் சேர்ப்பார்கள்?

மறுநாள் காலையில் ஜூட் முதல் பஸ்ஸில் வந்தான். வெட்டை விட்டுவிட்டு வந்திருந்தான். அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, அவன் வழக்கம்போலச் சமாதானம் சொல்லவில்லை. நெற்றியைச் சுருக்கினான்.

"ரப்பர்னா எப்பிடி செல்வி? சிரட்டையில காஞ்ச ஒட்டுப்பால உரிச்சுப் பந்து பண்ணிக் குடுத்தேனே, அத வச்சுத்தானே எந்நேரமும் வெளயாடுது. கடிச்சுக்கூட இழுக்கும். நான் பால் கையோட சோறு ஊட்டிருக்கேன். ஒரு நாளும் ஒண்ணும் வரலையே."

டாக்டர் சுற்றி வந்தபோது ஜூட் அதையே சொன்னான். சரியாக அந்த நேரத்தில் கபூரும் தோடம்பழப் பையோடு வார்டுக்குள் வந்தார். டாக்டர் அவர் பக்கம் திரும்பினார். "நீங்கதான் பட்டறைக்காரரா? பலூன்ல ரப்பரைத் தவிர வேற என்ன போடுறீங்க?"

கபூருக்கு வேர்த்தது. ஏதோ விசாரணை என்று பயந்துவிட்டார். "தப்பா ஒண்டும் போடுறதில்ல டாக்டர். கந்தகம், துத்தநாகத் தூள், சாயம், அமோனியா... பொறகு கொஞ்சம் கேசின்."

"கேசினா?" டாக்டர் கையில் இருந்த கார்டைக் கட்டிலில் வைத்தார். "அது பால்தானே. பசும்பால்ல இருந்து பிரிச்சு எடுக்குற புரதம். இந்தப் பிள்ளைக்கு ஆகாததும் அதுவா இருக்கலாம்."

"பால்ல இருந்து எடுக்குறதுண்டு தெரியும்தான் டாக்டர்" என்றார் கபூர், குரல் இறங்கி. "பசைக்குத்தானேண்டு நெனச்சேன். புள்ளைக்குப் பால் ஆகாதுங்கிறதே எனக்கு இப்பத்தான் தெரியும்."

அருள்செல்வி தன் இரண்டு கைகளையும் திருப்பிப் பார்த்தாள். பிறகு சட்டையின் தோள்பட்டையை முகர்ந்து பார்த்தாள். இத்தனை மாதமாக இந்தச் சட்டையில்தான் பிள்ளை முகத்தைப் புதைத்துக்கொண்டது. தலைமுடியில் கை வைத்துத் தூங்கியது. ஊரில் எல்லோர் கோப்பையிலும் தேடிய துளியை அவளே தினமும் பஸ்ஸில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறாள். அது போதாது என்று, பிள்ளையையும் அந்தத் தூளுக்குள்ளேயே கொண்டுபோய் உட்காரவைத்திருக்கிறாள். அவள் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஜூட் அவள் தோளைத் தொட்டான். "தொடாதீங்க" என்று கத்தினாள். "மேல தூளு!"

ஆஸ்பத்திரிக் குழாயில் தலையோடு குளித்து, பக்கத்துக் கட்டில்காரி கொடுத்த உடுப்பை மாற்றிக்கொண்ட பிறகுதான் பிள்ளையின் பக்கத்தில் போனாள்.

அன்று கபூர் போகுமுன் அவரை வாசலில் நிறுத்தினாள். அவளுக்கு இன்னொரு பயம் பிடித்திருந்தது. "மொதலாளி, கடைகளுக்குப் போன பலூனெல்லாம்? வேற ஒரு புள்ளைக்கு இப்பிடி இருந்தா?"

"சுடுதண்ணியில கழுவித்தானே தங்கச்சி அனுப்புறோம்."

"இந்தப் பலூனும் கழுவினதுதானே. நீங்கதானே சொன்னீங்க, தூளோட ஒட்டிக்கிட்டா சட்டை மாதிரி இருக்கும்னு. கழுவினா அந்தச் சட்டை கழண்டு போயிருமா?"

கபூர் வேன் சாவியை உருட்டிக்கொண்டு நின்றார். "மேல இருக்கிறது போகும். ஒட்டினது முழுக்கப் போகாது" என்றார். பிறகு, "இத வெளிய பேசினா என் பட்டறை போயிரும், தெரியுமா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கும் பயம்.

ஆனால் அந்த மனிதர் வேனில் பிள்ளையின் மூச்சைக் கேட்டவர். ஒரு வாரம் கழித்து அவராகவே லயத்துக்கு வந்தார். கேசினுக்குப் பதிலாகச் சவர்க்காரம் மாதிரி ஒன்று இருக்கிறதாம், வாங்கி வந்திருக்கிறாராம். கலவைக்கு அவள் கை வேண்டும் என்றார். பட்டறையில் கேசின் மூட்டையே இல்லை, எல்லாம் கழுவியாகிவிட்டது என்று சத்தியம் செய்தார். அவள் பிள்ளையை ஜூட்டிடம் விட்டுவிட்டுப் போனாள்.

முதல் நாள் நுரை பொங்கியது, தூள் அடியில் இறங்காமல் நின்றது. அவளுக்கு நம்பிக்கை வந்தது. ரப்பர் பாலில் ஊற்றிக் கிளறும்போது துடுப்பு கனத்தது.  துடுப்பைத் தூக்கிப் பார்த்தால் நூல் நூலாகத் தொங்கியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தொட்டி முழுவதும் திரிந்து ஒரே கட்டியாகிவிட்டது. அளவை மாற்றினார்கள், மறுபடி திரிந்தது. இன்னொரு தடவை திரியவில்லை. ஆனால் பலூன்களில் ஊசி ஊசியாக ஓட்டை. கபூர் திரிந்த ரப்பரைக் கையால் அள்ளி வெளியே போட்டார். "இதுக்கு மேல என்னால தாங்க ஏலாது தங்கச்சி" என்றார். "திரும்பக் கேசினுக்குத்தான் போகணும்."

"அப்ப நான் வர மாட்டேன் மொதலாளி."

"தெரியும்" என்றார். அவர் அவளைக் குறை சொல்லவில்லை. கழுவும் நேரத்தைக் கூட்டினார். டாக்டர் சொன்னதைக் கேட்டு, பலூன் பக்கெட்டுகளில் 'பால் சேர்ந்தது' என்று தமிழிலும் சிங்களத்திலும் முத்திரை குத்தி அனுப்பினார். கடைக்காரர்கள் சிரித்தார்கள். பலூனில் பாலா என்று கேலி செய்து சிலர் திருப்பியும் அனுப்பினார்கள். இருந்தும் குத்திக்கொண்டுதான் இருந்தார். பிறகு வெளிநாட்டுப் பலூன் மலிவாக வந்து குவிந்ததும் பட்டறையையே மூடிவிட்டு, பழையபடி கடைகளுக்குச் சாமான் போடப் போனார்.

அருள்செல்வி கத்தியைத் தீட்டிக்கொண்டு மலைக்குத் திரும்பினாள். பிள்ளையின் சொறி ஆறியது, இருமல் நின்றது. ஆனால் அவளுக்கு ஒரு வேலை பாக்கி இருந்தது, அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் பாலை எடை போட்டுக் கொடுத்துவிட்டு நேரே பிள்ளைமடுவத்துக்குப் போனாள்.

வெள்ளையம்மா தொட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அக்கா, நான்தான் கொண்டாந்தேன். என் சட்டையில."

"கேள்விப்பட்டேன்."

"எல்லாரு முன்னாலயும் உங்கள அப்பிடிக் கேட்டுட்டேன்."

"ஆமா. கேட்ட." வெள்ளையம்மா துணியை உதறினாள். "ஒம்பாட்டுல வந்து இங்க அழுதா சரியாப்போச்சா? அன்னிக்கு இருந்தவங்க முன்னால வந்து சொல்லு."

மறுநாள் காலை, தாய்மார் பிள்ளைகளை விடும் நேரத்தில், அருள்செல்வி வாசலில் நின்று சொன்னாள்.  வெள்ளையம்மா பிள்ளைக்குக் கையை மட்டும் நீட்டினாள். அனோஜா ஓடிப்போய் அவள் மடியில் உட்கார்ந்தது. பெரியவர்கள் இருவரும் முன்போலப் பேசிக்கொள்ள வெகு நாளாயிற்று.

2009இல், அனோஜாவுக்குப் பன்னிரண்டு வயது நெருங்கும்போது, டாக்டர்கள் ஒரு பரிசோதனைக்கு வரச் சொன்னார்கள். வயது ஏற ஏறச் சில பிள்ளைகளுக்கு இது விட்டுப்போகும், வார்டில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பால் கொடுத்துப் பார்ப்போம் என்றார்கள். அருள்செல்விக்கு வேண்டவே வேண்டாம் என்றிருந்தது. அனோஜாதான் பிடிவாதமாக நின்றாள். "எனக்குத் தெரியணும் அம்மா. பள்ளிக்கூட டிரிப்புக்கு எத்தன நாளைக்கு நீங்க பின்னால வருவீங்க?"

நர்ஸ் ஒரு துளியை உதட்டில் தடவினார். ஒன்றும் இல்லை. ஒரு கரண்டி. ஒன்றும் இல்லை. அருள்செல்வி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள், பார்க்க முடியவில்லை. அடுத்த அளவும் உள்ளே போனது. கொஞ்ச நேரம் கழித்து, "அம்மா, நாடி அரிக்குது" என்று அனோஜா சொன்னாள். உதட்டுக்குக் கீழே, நாடியில் இரண்டு தடிப்பு. அவ்வளவுதான். வீக்கம் இல்லை, மூச்சிரைப்பு இல்லை. மருந்து கொடுத்ததும் அதுவும் மறைந்தது.

"முழுக்கப் போகல. ஆனா பழைய மாதிரி ஆபத்து இல்ல" என்றார் டாக்டர். "துளியைக் கண்டு பயப்பட வேணாம். அடுத்த வருஷம் இன்னொரு தரம் பார்ப்போம்."

ஜூட் வார்டு வாசலில் காத்துக்கொண்டிருந்தான். "என்ன சொன்னாங்க?" என்று அருள்செல்வியைப் பார்த்துக் கேட்டான்.

அவள் வாயைத் திறப்பதற்குள் அனோஜா முந்திக்கொண்டாள். "ரெண்டு கரண்டி குடிச்சேன் அப்பா. ருசியே இல்ல."

ஜூட் சிரித்தான். அருள்செல்வி மகளின் நாடியைத் தூக்கி, வெளிச்சத்தில் இன்னொரு தரம் பார்த்தாள். பிறகு மூன்று பேரும் பஸ்ஸுக்கு நடந்தார்கள்.